வயதைக் குறைத்து வகுப்பில் உட்கார்ந்தவள்: சிங்கப்பூரில் ஒரு கலகலப்பான ஆள்மாறாட்ட நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

வயதில் பெரியவர் ஒருவர் மாணவராக நடித்துக் கல்லூரிக்குள் நுழைகிறார். இந்த ஒரு வரியைச் சொன்னாலே கேட்பவர் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். வரி எளிது, 200 பக்கம் கடினம். நான் ஒரு முறை இதே கதையை 60 பக்கம் வரை எழுதி நிறுத்தியிருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து எழுதியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில், நம் தமிழில், நம் ஆட்களை வைத்து எழுத நினைப்பவர்களுக்கானது இது.

படி 1: வேடத்துக்கு முன் ஏக்கம்

முதல் முயற்சியில் நான் யோசித்ததெல்லாம் கதாநாயகி எப்படி மாட்டிக்கொள்ளாமல் தப்பிப்பாள் என்பதைப் பற்றித்தான். முடி, உடை, பை, பொய்யான பின்கதை எல்லாம் தயார். ஆனால் அவள் எதற்காக அங்கே போனாள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கதை நின்றது அதனால்தான்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவே முடியாது. இங்கே பெரியவர்கள் படிக்கப் பொய் சொல்ல வேண்டியதில்லை. 25 வயதானால் குடிமக்களுக்குப் பயிற்சி வகுப்புகளுக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உண்டு. 40 வயதை எட்டியவர்களுக்கு 2024 மே மாதம் இன்னொரு 4,000 வெள்ளி சேர்த்தார்கள். 2025 கல்வியாண்டிலிருந்து 40 வயதுக்காரர் சலுகைக் கட்டணத்தில் மறுபடி முழுநேர டிப்ளோமாவே படிக்கலாம். வகுப்புக் கதவு திறந்திருக்கும் ஊரில் ஒருத்தி ஏன் ஜன்னல் வழியாக நுழைகிறாள்?

அவளுக்கு வேண்டியது பட்டம் இல்லை என்பதுதான் பதில். இருபது வயதில் நண்பர்களோடு கேன்டீனில் மூன்று மணி நேரம் வெட்டியாக உட்கார்ந்திருக்கும் உரிமை, அதுதான் வேண்டும். அதற்கு எந்தத் திட்டத்திலும் விண்ணப்பம் போட முடியாது. நாவலின் சிரிப்பு, கண்ணீர் இரண்டுமே இந்த இடத்திலிருந்துதான் வரவேண்டும்.

விளக்குவதற்காக ஒரு நாயகியை வைத்துக்கொள்வோம். கோமதி என்று பெயர். 1992-ல் பிறந்தவள், கதை நடக்கும் 2025-ல் வயது 33. ஈசூன் வட்டாரத்தில் வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. சரக்குக் கப்பல் ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை. 2008-ல் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான ஓ லெவல் முடித்ததும் அப்பா படுத்த படுக்கையாகிவிட, கோமதி வேலைக்குப் போனாள். இரண்டு தம்பிகளையும் படிக்க வைத்தாள். வீட்டுக் கூடத்தில் இரண்டு பட்டமளிப்புப் படங்கள் தொங்குகின்றன. இரண்டுக்கும் சட்டம் போடக் காசு கொடுத்தது அவள்தான். உங்கள் நாவலின் முதல் பக்கத்தில் அந்தச் சுவரைக் காட்டிவிட்டால், இரண்டாம் பக்கத்தில் அவள் சொல்லும் பொய்யை வாசகர் மன்னித்துவிடுவார்.

படி 2: முதல் பொய்யை வாயால் சொல்ல வைக்காதீர்கள்

திட்டம் போட்டு ஏமாற்றுகிறவரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை, எச்சரிக்கையாகிவிடுகிறோம். அதனால் முதல் பொய் மௌனமாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் மாதம், மதியம் மூன்று மணி, வானம் கறுத்து ஒரே கொட்டு. அலுவலக வேலையாகப் பல்கலைக்கழகத்துக்கு ஓர் உறையைக் கொடுக்க வந்த கோமதி, நடைபாதைக் கூரைக்குள் ஓடி, திறந்திருந்த முதல் கதவுக்குள் நுழைகிறாள். உள்ளே குளிர்சாதனம் நடுங்க வைக்கிறது, 300 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கைப் பெண் கேட்கிறாள்: “உனக்கு குரூப் கிடைச்சிடுச்சா? எங்க குரூப்ல ஒரு ஆள் குறையுது.” கோமதி வாயைத் திறப்பதற்குள் டெலிகிராம் க்யூஆர் கோடு அவள் முகத்துக்கு நேரே நீள்கிறது. அவள் கைபேசியை எடுக்கிறாள். அவ்வளவுதான், நாவல் தொடங்கிவிட்டது.

(டெலிகிராம் என்று சும்மா எழுதவில்லை. இங்குள்ள மாணவர்கள் குழு வேலைக்கு அதைத்தான் எடுப்பார்கள். கோமதியின் குடும்பமும் அலுவலகமும் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. இரண்டு செயலிகள், இரண்டு வாழ்க்கைகள். தவறான குழுவில் தவறான செய்தி ஒன்று போவதற்கான இடம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.)

படி 3: எந்தக் கல்வி நிலையம்?

தமிழ்நாட்டு வாசகருக்குக் கல்லூரி என்றால் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. தொடக்கக் கல்லூரி என்றால் 17, 18 வயதுப் பிள்ளைகள், சீருடை, காலையில் கொடியேற்றம், பெயர் சொல்லி வருகைப் பதிவு. அங்கே பெரியவர் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அதோடு, பதின்ம வயதினர் நடுவே ஒரு பெரியவர் பொய் வயதோடு இருப்பது சிரிப்புக்குரிய விஷயமும் அல்ல. அதை விட்டுவிடுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக்) வகுப்பு சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இரண்டாவது வாரமே பெயர்ப்பட்டியலில் மாட்டிக்கொள்வாள். பல்கலைக்கழகம்தான் சரி. வளாகம் திறந்தது, பெரிய விரிவுரைக் கூடத்தில் யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று யாரும் எண்ணுவதில்லை. பெயரைக் கற்பனையாக வையுங்கள். கட்டடங்களைக் கதைக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் வளாகப் பேருந்தின் நெரிசல், மழை, டிஷ்யூ பாக்கெட் வைத்துப் பிடித்த கேன்டீன் மேசை, ‘கோப்பி ஓ கோசோங்’ என்ற பாலும் சீனியும் இல்லாத காப்பி எல்லாம் அசலாக இருக்கட்டும்.

இன்னொரு கொடையும் இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியை இங்கே பேச்சில் ‘பொலி’ என்போம். கோமதி தன் வயதைச் சமாளிக்க, பொலியில் டிப்ளோமா முடித்து நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்கிறாள். யாரோ கேட்கிறார்கள், “ஓ, நீங்க பொலியா?” அவள் காதில் அது எப்படி விழும்? இந்த நகைச்சுவை வேறு எந்த மொழியிலும் கிடைக்காது. ஒரே ஒரு முறை, சரியான இடத்தில் பயன்படுத்துங்கள்.

படி 4: எத்தனை வயதைக் குறைப்பது?

எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் போகாதீர்கள். 33 வயதுப் பெண்ணை 24 என்று நம்பலாம். 45 வயதுக்காரரை நம்ப வைக்க ஒப்பனை வேண்டும், ஒப்பனை வந்தால் கோமாளித்தனம் வந்துவிடும்.

நாயகன் ஆணாக இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஆண்கள் கட்டாயமாகச் சீருடையில் செய்யும் தேசிய சேவை இரண்டு ஆண்டு என்பதால் முதலாண்டுப் பையன்களே 21 வயதில்தான் வருவார்கள். பொலி முடித்தவர்கள் அதற்கும் மேல். 25 வயது மாணவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் தேசிய சேவைக் கதைகளே அவனைக் காட்டிக்கொடுக்கும். எந்த ஆண்டு, எந்த முகாம், எந்தச் சீருடை என்று பையன்கள் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். பிக்சல் சீருடை வருவதற்கு முந்தைய பச்சைச் சீருடையை அவன் ஆசையாக வர்ணித்தால், கதை முடிந்தது.

ஆணோ பெண்ணோ, இருவருக்கும் பொதுவான ஆபத்து பர்ஸுக்குள் இருக்கிறது. நம் அடையாள அட்டை எண் 2000-க்கு முன் பிறந்தவர்களுக்கு எஸ் எழுத்தில் தொடங்கும், 2000 முதல் பிறந்தவர்களுக்கு டி. 1968 முதல் பிறந்தவர்களுக்கு அடுத்த இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. கோமதியின் அட்டை எஸ்92 என்று உண்மையை உரக்கச் சொல்லும். சொல்லிக்கொள்ளும் வயதுக்கு அது டி01 ஆக இருக்க வேண்டும்.

இதைவிட அழகான விஷயம் அட்டையில் இருக்கும் படம். அட்டையை 15 வயதில் எடுக்கிறோம், 30 வயதில் புதுப்படத்தோடு மறுபடி பதிகிறோம். இரவு பராட்டாக் கடையில் நண்பர்கள் தங்கள் அட்டையை எடுத்து மேசையில் போட்டு, 15 வயது முகங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். முகப்பரு, கோணல் முடி, கண்ணாடி. “கோமதி, உன்னோடது எங்க?” அவளுடைய 15 வயது முகம் அந்த அட்டையில் இல்லவே இல்லை. இந்தக் காட்சியை எழுதும்போது அவள் எப்படித் தப்பினாள் என்பதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, தப்பிய பிறகு ரயிலில் வீடு திரும்பும்போது அவள் மனத்தில் என்ன ஓடியது என்பதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: முறைப்பெயர்

ஆங்கிலத்தில் இந்தக் கதையை எழுதுகிறவர்களுக்குக் கிடைக்காத செல்வம் இதுதான். தமிழில் வயது தெரியாமல் ஒருவரைக் கூப்பிடவே முடியாது. அக்காவா தங்கச்சியா, அண்ணனா தம்பியா, நீயா நீங்களா, வாவா வாங்களா என்று வாய் திறந்ததுமே முடிவு செய்தாக வேண்டும். நம் மொழியே ஒரு வயது சோதிக்கும் கருவி.

ஆங்கிலத்தில் பேசும்வரை கோமதி பாதுகாப்பாக இருக்கிறாள். ‘யூ’ என்ற ஒரு சொல் எல்லோரையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிடும். விரிவுரைக் கூடத்தில் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. அதனால் அவளை எப்படியாவது மாணவர்களின் தமிழ் மன்ற நாடக ஒத்திகைக்குள் இழுத்துவிடுங்கள். அங்கே பேச்சு தமிழுக்கு மாறும், அவள் காலுக்குக் கீழே தரை நகரும்.

25 வயதுப் பையன் திரும்பிப் பார்க்காமல், “தங்கச்சி, அந்த சார்ஜரக் கொஞ்சம் குடேன்” என்கிறான். கோமதி சுற்றிலும் பார்க்கிறாள், யாரைக் கூப்பிடுகிறான் என்று. தன்னைத்தான் என்று புரிய மூன்று விநாடி. பதினைந்து வருடமாக அவள் எல்லோருக்கும் அக்கா. வீட்டில் அக்கா, அலுவலகத்தில் அக்கா, மாடியில் குடியிருப்பவர்களுக்கு அக்கா. யாரும் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. சார்ஜரைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவள் கொஞ்சம் துள்ளி நடக்கிறாள்.

அடுத்த கணமே பழக்கதோஷம். மழையில் ஓடப்போகும் பையனிடம், “தம்பி, குடை எடுத்துட்டுப் போ, நாளைக்கு ஜுரம் வந்துடப் போவுது” என்று வாய் தவறுகிறது. அறை அமைதியாகிறது. அன்றிரவு வீவக மின்தூக்கியில் தனியாக நின்று, கண்ணாடியைப் பார்த்து ‘டேய்’ சொல்லிப் பழகுகிறாள். ஏழாவது மாடியில் கதவு திறக்கும்போது எதிர்வீட்டுத் தாத்தா நிற்கிறார்.

முறைப்பெயரோடு வரும் வழக்கங்களையும் மறக்காதீர்கள். பெரியவர்தான் காசு கொடுப்பார், பெரியவர்தான் தட்டில் இருப்பதைப் பிரித்துக் கொடுப்பார், ‘சாப்பிட்டியா’ என்று கேட்பவரும் அவரே. மாணவர்களோ 4 வெள்ளி 30 காசைக்கூடக் கைபேசியில் பேநவ் வழியாக அனுப்பி பிரித்துக்கொள்வார்கள். கோமதியின் கை பில்லை நோக்கித் தானாக நீளும். அவள் அதைப் பின்னுக்கு இழுக்கும் அந்த அசைவு, பத்து வரி விளக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

கேன்டீன் கடைக்காரப் பெண்மணி ஒரு நாள் அவளை ‘கேர்ள்’ என்று கூப்பிடுவதும், இன்னொரு நாள் எம்ஆர்டியில் ஒரு சிறுவன் ‘ஆன்ட்டி’ என்று சொல்லி இடம் விடுவதும் ஒரே அத்தியாயத்துக்குள் வரலாம். எது முதலில், எது பிறகு என்பதை நன்றாக யோசித்து வையுங்கள்.

படி 6: இரட்டைக் காலவரிசை

ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் உண்மை, வலப்பக்கம் பொய் என்று எழுதுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் ஓர் அத்தியாயம்கூட எழுதாதீர்கள்.

கோமதிக்கு இப்படி வரும். 2003-ல் சார்ஸ் பரவியபோது உண்மையில் அவள் தொடக்கநிலை 5. பள்ளியில் ஆளுக்கு ஒரு தெர்மோமீட்டர் கொடுத்து எல்லோரும் ஒன்றாக வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் இருக்கும். பொய்யில் அவளுக்கு 2 வயது. அவளுடைய குழுப் பிள்ளைகள் பலர் அப்போது பிறக்கவே இல்லை. 2008-ல் உண்மையில் ஓ லெவல், பொய்யில் தொடக்கநிலை 1-ன் முதல் நாள். 2015 மார்ச்சில் திரு லீ குவான் இயூவுக்கு அஞ்சலி செலுத்த மக்கள் பல மணி நேரம் வரிசையில் நின்றபோது, உண்மையில் அவள் அலுவலகம் முடிந்து போய் நின்ற 23 வயதுக்காரி, பொய்யில் உயர்நிலை 2 மாணவி. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொவிட் முடக்கம். குழுவினர் வீட்டிலிருந்து பாடம் படித்தார்கள், கோமதி சமையலறை மேசையில் கப்பல் ஆவணம் அடித்தாள். பொய்யில் அவள் பொலி மூன்றாம் ஆண்டு.

இப்போது பேச்சைத் திறந்துவிடுங்கள். ‘ஈஎம்1, ஈஎம்2’ என்று தொடக்கநிலைப் பிரிவைப் பற்றி அவள் சாதாரணமாகச் சொன்னாலே போதும், அந்தப் பிரிவு முறை 2008-லேயே போய்விட்டது. ஃப்ரெண்ட்ஸ்டர், எம்எஸ்என் மெசஞ்சர் என்ற மூடிப்போன பழைய இணையத் தளங்கள் எல்லாம் கண்ணிவெடிகள். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு சறுக்கல் போதும். இரண்டு வைத்தால் வாசகருக்கு இவள் எப்படி இன்னும் மாட்டவில்லை என்ற சந்தேகம் வந்துவிடும்.

நடுவில் ஒரு முறை, சறுக்கலே இல்லாத ஒரு பேச்சும் வேண்டும். சர்க்கிட் பிரேக்கரில் எவ்வளவு தனிமையாக இருந்தது என்று ஒரு பெண் சொல்கிறாள். கோமதி கணக்குப் போடாமல் பதில் சொல்கிறாள். அந்தத் தனிமைக்கு வயது தேவைப்படவில்லை.

படி 7: எதைப் பார்த்துச் சிரிப்பது?

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. நம் கதைக்கென்றே எழுதி வைத்ததைப் போல இருக்கிறது.

எள்ளலை ஒதுக்கிவிடுங்கள். வயதானவள் இளமையாக நடிக்கிறாள் என்று கேலி செய்தால் படிப்பவருக்கே கூசும். இளமை மாணவர்களுடையது. நள்ளிரவு 11:59 கெடுவுக்கு 11:40 மணிக்கு வேலையைத் தொடங்கும் அவர்களுடைய துணிச்சல். பேதைமை, தெரியாமல் தடுமாறுவது. டெலிகிராம் ஸ்டிக்கர் ஒன்றின் பொருள் தெரியாமல் எல்லாவற்றுக்கும் அதையே அனுப்புகிறாள் கோமதி. மடன் என்பதற்கு உரையாசிரியர்கள் கொண்டதை விடாமல் பற்றிக்கொள்வது என்று பொருள் சொல்வார்கள். சொன்ன பொய்யை விட முடியாமல் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் கோமதி முழுக்க முழுக்க மடன்தான். உங்கள் காட்சி ஒன்றில் சிரிப்பு கசந்தால், எள்ளல் எங்கோ நுழைந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

படி 8: 13 வாரம், 13 அத்தியாயம்

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துக்கு 13 வாரப் பாடம். ஆறு வாரம் முடிந்ததும் ஒரு வார இடைவேளை. 13 முடிந்ததும் படிப்பு வாரம், பிறகு தேர்வு. கதைக்கட்டமைப்பைத் தேடி வேறு எங்கும் போக வேண்டாம். தேர்வு அறையில் அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால் கடைசித் தேதி தானாக வந்து நிற்கிறது.

ஆகஸ்ட் பருவத்தைத் தேர்ந்தெடுங்கள், தீபாவளி அதற்குள் வரும். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஏறக்குறையப் பத்தாவது வாரம். குழு நண்பர்கள், அதில் இருக்கும் சீன, மலாய்ப் பிள்ளைகளும் சேர்ந்து, லிட்டில் இந்தியா எனும் தேக்காவுக்கு வரவேண்டும் என்கிறார்கள். சிராங்கூன் ரோட்டில் விளக்கு அலங்காரம், கேம்பல் லேன் பக்கம் தோள் உரசும் கூட்டம். கோமதி மருதாணி போட்டுக்கொண்டிருக்கிறாள், இரண்டு கையும் அசைக்க முடியாது. எதிரே அம்மா முறுக்குப் பொட்டலத்தோடு வருகிறார். நாவலின் பெரிய காட்சி இது. பத்துப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா என்ன செய்வார்? நான் எழுதியதில் அம்மா கத்தவில்லை. பிள்ளைகளைப் பார்க்கிறார், மகளைப் பார்க்கிறார், அந்த முகத்தில் பல வருடமாகக் காணாத ஒன்றைப் பார்க்கிறார். “நான் கோமதியோட பெரியம்மா” என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் முறுக்கு கொடுக்கிறார்.

படி 9: தாண்டக் கூடாத கோடு

தண்டனைச் சட்டத்தின் 416-ஆவது பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைக் குற்றம் என்கிறது. உங்கள் கதாபாத்திரம் அடுத்தவர் அட்டையைப் பயன்படுத்தினாலோ, அடுத்தவர் பெயரில் தேர்வு எழுதினாலோ, யாரிடமாவது காசு வாங்கினாலோ வாசகர் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் போலீஸை எதிர்பார்ப்பார். காதலும் அப்படித்தான். 22 வயதுப் பையன் பொய் வயதை நம்பிக் காதலிப்பது இனிமையான விஷயம் இல்லை. காதல் வேண்டும் என்றால் கோமதியின் வயதை ஒத்த நூலக ஊழியர் ஒருவரை வையுங்கள். அவர் மாணவி என்று நினைத்து விலகியே நிற்பார், அவளுக்கு அதை விளக்கவும் முடியாது.

பொய்க்கு விலை இருக்க வேண்டும். அந்த விலை குழு மதிப்பெண். பதிவு செய்யாத ஒருத்தி செய்த வேலை அறிக்கையில் இருந்தால், மற்ற நான்கு பேரின் மதிப்பெண்ணும் கேள்விக்குள்ளாகும். 12-ஆவது வாரத்தில் இது அவளுக்கு உறைக்கட்டும். இவர்களைத் தம்பி தங்கையைப் போல நேசிக்கத் தொடங்கிவிட்டாள், அவர்களுக்கே கெடுதல் வந்துவிடக்கூடும்.

படி 10: வெளிப்படுவது

அவளாகவே சொல்லட்டும். பிடிபட்டு ஒப்புக்கொள்வதற்கும் தானாகச் சொல்வதற்கும் உள்ள தூரம்தான் கோமதி 13 வாரத்தில் நடந்த தூரம். ஆனால் ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் க்யூஆர் கோடு நீட்டிய பெண்ணாக இருந்தால் நல்லது. ஐந்தாவது வாரமே கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல், அறிக்கையில் கோமதியின் பகுதியைத் தனியாக வேறு கோப்பில் எடுத்து வைத்துவிட்டு, தானே உட்கார்ந்து அதைப் புதிதாக எழுதியிருக்கிறாள். “எப்படித் தெரியும்?” என்றால், “நீங்க என்னை ஒரு தடவ ‘சாப்பிட்டியா கண்ணு’ன்னு கேட்டீங்க. எங்க அக்காகூட அப்படிக் கேட்க மாட்டாங்க.” அந்த ‘நீங்க’ அங்கே முதல் முறையாக வரவேண்டும். அதுவரை அவள் ‘நீ’ என்றே பேசியிருக்க வேண்டும்.

படி 11: எழுதி முடித்த பிறகு

உரையாடலை நம் பேச்சில் எழுதுங்கள், ஆங்கிலமும் மலாயும் கலந்து, ‘லா’ உட்பட. கதை சொல்லும் குரல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் நடத்தும் ‘கதைக்களம்’ சந்திப்புக்குப் போனால் கதை பேசுகிற ஆட்கள் கிடைப்பார்கள். புத்தகமாக்கும்போது ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் வாங்க வேண்டும்.

அதற்கு முன், 20 வயதில் உள்ள இரண்டு பேரிடம் உரையாடல் பக்கங்களை மட்டும் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கோப்பி வாங்கிக் கொடுத்து, குறுக்கே பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். “இப்படி யாரும் பேச மாட்டாங்கக்கா” என்று எந்த வரியில் நிறுத்துகிறார்களோ, அந்த வரியை அன்றிரவே திருத்திவிடுங்கள்.